அண்ணன் கேட்ட வால்வு

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். நல்லது நிறைய உண்டு. ஆனால் இனிப்பாக எழுத எனக்கு வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் றொசல்லைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், கங்காணி வீட்டு மூத்த மகனாகப் பிறந்தார். எங்கள் அப்பா எதிர்மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களை இந்த மலையிலிருந்தே அதட்டி வேலை வாங்கியவர். எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்பதென்றாலும் சத்தம்தான். அண்ணன் கண்டியில் ஒரு ரேடியோ கடையில் தங்கித் தொழில் பழகினார். அரசாங்கத்தின் கம்பியில்லாத் தந்திப் பகுதியில் சேர ஆசைப்பட்டார். நாற்பத்தெட்டில் வந்த குடியுரிமைச் சட்டம், இங்கேயே பிறந்த அவரை இந்த நாட்டுக்காரர் இல்லை என்றது. அந்த ஆசை அத்தோடு முடிந்தது.

பிறகு மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை கிடைத்தது. அங்கே மழைக்காலத்தில் டெலிபோன் கம்பி அறுந்துவிடும். அந்த நாட்களில் ஹட்டனில் இருந்த கம்பெனி அலுவலகத்தோடு பேசுவதற்காக, யுத்தத்தில் பாவித்துக் கழித்த ஒலிபரப்பி ஒன்றை நிர்வாகம் வாங்கி வைத்திருந்தது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் அண்ணனின் வேலை. நானும் அவரோடு அங்கே போயிருந்தேன்.

பேச்சுக்குப் பலம் கொடுத்து வெளியே அனுப்பும் பெரிய கண்ணாடிக் குழல், வால்வு என்பார்கள், அந்தப் பெட்டியில் தேய்ந்து போயிருந்தது. மெதுவாகப் பேசினால் குரல் தெளிவாகப் போகும். உரக்கப் பேசினால் வால்வு தாங்காமல் குரலின் உச்சியை வெட்டிவிடும். போய்ச் சேர்வது வெறும் இரைச்சல். அது பக்கத்து அலைவரிசைகளிலும் சிதறி, கோயிலடி ரேடியோவில் பாட்டைக் கெடுக்கும். லயத்து ஆட்கள் அண்ணனைத்தான் ஏசுவார்கள்.

தோட்டத்துத் துரையோ, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நிற்பதுபோல அதில் கத்துவார். தூரம் கூடினால் சத்தமும் கூட வேண்டும் என்பது தோட்டத்து நியாயம்.

"தொரைய மெதுவாப் பேசச் சொல்ல வேண்டியதுதானே அண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தொரைக்குப் பேசச் சொல்லிக்குடுத்தா, நாளைக்கே பத்துச்சீட்டக் குடுத்து வேலைய விட்டு அனுப்பிருவாரு தங்கச்சி. வால்வத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்றார்.

கேட்டதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. "சத்தம் வெளிய போகுதுல்ல? அப்புறம் என்னாத்துக்குப் புதுசு?" என்பார் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர். அந்த வருஷம், அந்தக் குளிரில், துரை பங்களாவுக்கு ஐஸ்பெட்டி வந்து இறங்கியது.

கொத்மலையிலிருந்து வந்த எங்கள் அண்ணிக்குத் தலைப்பிரசவம் அடைமழையில் வந்தது. பிள்ளை பிறந்துவிட்டது. இரத்தம் நிற்கவில்லை. "ஹட்டன்லருந்து ஆஸ்பத்திரி வண்டி வரணும். நம்ம கையில இனி ஒண்ணுமில்ல," என்றார் மருத்துவிச்சி. டெலிபோன் கம்பி முந்திய நாளே அறுந்திருந்தது. அண்ணன் ஒலிபரப்பி இருந்த அறைக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

மெதுவாகப் பேசினால்தான் குரல் போகும் என்று தெரிந்த மனிதர் அன்றைக்குக் கத்தினார். எங்கள் அப்பா மலைக்கு மலை கத்தியதுபோலக் கத்தினார். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர். "ஒண்டும் விளங்கேல்லை தம்பி, இரைச்சல்தான் வருது," என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல அண்ணன் இன்னும் உரக்கக் கத்தினார். நான் சட்டையைப் பிடித்து இழுத்து, "அண்ணே, மெதுவா, மெதுவா," என்றேன். அவர் காதில் ஏறவில்லை. கோயிலடி ரேடியோ கரகரவென்று அலறியது அந்த அறை வரை கேட்டது. வேண்டாத இடத்துக்கெல்லாம் அவர் குரல் போனது.

கடைசியில் தொண்டை கட்டிவிட்டது. காற்றுப்போல, "பொண்டாட்டி சாகப்போறா ஐயா, வண்டி அனுப்புங்க," என்றார்.

"இப்பதான் விளங்குது. உடனே அனுப்பச் சொல்லுறன்," என்றார் கிளார்க்.

வண்டி வந்தது. அதற்குள் அண்ணி போய்விட்டார்.

பெட்டியைப் பாவிக்கத் தெரியாத ஆள் என்று நிர்வாகம் விசாரித்து முடிவு சொன்னது. அண்ணனைத் தேயிலைத் தொழிற்சாலைக்கு மாற்றினார்கள். பெண்டாட்டியைக் காப்பாற்றத் தெரியாத ரேடியோக்காரன் என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேசினார்கள். பேசியவர்களில் சிலர் இந்த மலரையும் வாங்கியிருப்பீர்கள். அண்ணனோ, "நாந்தானே கத்துனேன்," என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அதன் பிறகு அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மகளைத் தனியாக வளர்த்தார். வாசலில் நின்று அவளைக் கூப்பிட மாட்டார். இருக்கும் இடத்துக்கு நடந்து போய்த்தான் பேசுவார். நெஞ்சு நோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர் வாயருகே காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. "புள்ளைகிட்ட யாரும் சத்தம் போட வேணாம்," என்பதுதான் நான் கடைசியாகக் கேட்டது.

பாடை கட்டியவர்களுக்கும், சறுக்குப் பாதையில் தூக்கி வந்தவர்களுக்கும், பதினாறாம் நாள் வரை அடுப்பைப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஹட்டனிலிருந்து பஸ் ஏறி வந்து, ஓர் ஓரமாக நின்றுவிட்டுப் போன அந்தக் கிளார்க் ஐயாவுக்கும் நன்றி.

தோட்ட நிர்வாகத்தையும் விட்டுவிடக் கூடாது. அண்ணன் கேட்டுக் கேட்டு ஓய்ந்த வால்வை, அண்ணியைப் புதைத்த மறுமாதமே வாங்கிப் போட்டார்கள். அதன் பிறகு துரை எவ்வளவு கத்தினாலும் ஹட்டனில் தெளிவாகக் கேட்டதாம். அவர்களுக்கும் எங்கள் நன்றி.