கீழ்த்தளத்தில் ஒரு வீடு

பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள நாலு தெருவிலும் "வாரக்கணக்கு" என்றால்தான் அவரைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. நோயாளியோடு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் என்று வீடு பிடித்துத் தருகிற புரோக்கர் அவர். என்ன நோய் என்று கேட்கவே மாட்டார். "எத்தனை நாளைக்கு?" என்பார், அவ்வளவுதான். பத்து நாள் என்று பட்டென்று பதில் வந்தால் ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பப்போகிறவர்கள். வந்தவர் மென்று முழுங்கினால் மேற்கொண்டு துருவாமல் கீழ்த்தளமாகப் பார்த்துக் கொடுத்துவிடுவார். ஸ்ட்ரெச்சர் திரும்ப இடம் வேண்டுமே! இருபது வருஷமாக இதே பிழைப்பு. கல்நெஞ்சக்காரர் என்று தெருவே சொன்னது, அவரும் நம்பிவிட்டார்.

போன மாதம் அவருடைய அக்காவே வைத்தியத்துக்கு வந்து சேர்ந்தாள். அவர் குடியிருப்பதோ மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அக்காவால் நாலு படி ஏற முடியவில்லை. டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "மிஞ்சிப்போனா மூணு வாரம். பக்கத்துலயே வச்சிப் பாத்துக்குங்க," என்றார். வெளியே வந்து அக்காவிடம் இவர் அளந்ததோ வேறு கதை: "ஆறு மாசம் மருந்து சாப்பிட்டா எழுந்து ஓடுவியாம்க்கா!"

அலையாய் அலைந்ததில் ஒரே ஒரு கீழ்த்தளம்தான் காலி. அக்காவைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து வாசலிலேயே நிறுத்தினார். கண்ணாடி இறங்கியிருந்தது.

தெரிந்த ஆளாயிற்றே என்று வீட்டுக்காரர் உற்சாகமாக வெளியே வந்தார். "வாங்க வாரக்கணக்கு! எத்தனை நாளைக்கு?"

பேசினால் காருக்குள் கேட்கும்.

"ஆறு மாசத்துக்கு," என்று சத்தமாகவே சொல்லிவிட்டுக் கண்ணைக் கண்ணைக் காட்டினார். அந்த மனுஷனுக்கு ஜாடை புரிந்தால்தானே!

"என்ன விளையாடுறீங்களா? ஒரு மாசத்துக்கு மேல நான் விடுறதில்லன்னு உங்களுக்குத் தெரியாதா? வேற இடம் பாருங்க," என்று கதவைச் சாத்தப் போனார்.

வேறு இடம் எங்கே இருக்கிறது? கிட்டே போய்க் காதோடு சொல்லிவிடலாம் என்று படியேறினார். அதற்குள் காரிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, ஒரு மாசத்துக்கே கேளுடா. அதுவே ஜாஸ்தி."

அவர் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்தால் இரண்டு பேருமே அதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயமாக இருந்தது.