உட்கார்ந்தால் போச்சு

கொச்சியில் எங்கள் காலேஜ் பெண்கள் கூடைப்பந்து டீமுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது: அடிக்காரிகள். மட்டாஞ்சேரிப் பெண்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் எதிர் டீமில் சிலர் வீட்டிலிருந்தே முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வருவார்களாம். கேட்க எங்களுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், எங்களுக்கு யார் மேலும் ஒரு கோபமும் கிடையாது. ஓடி ஓடிக் களைத்துப் போயிருந்தோம், அதனால் அடித்தோம்.

எல்லாம் சார் போட்ட சட்டத்தால் வந்த வினை. எங்கள் கோச்சைத்தான் சார் என்போம். இளமையில் கோயம்புத்தூரில் ஆடியவர். தமிழ் வீட்டுப் பெண்களான எங்கள் இரண்டு மூன்று பேரோடு மலையாளம் கலந்த தமிழில்தான் கத்துவார். அவருடைய சட்டம் இதுதான்: தொடக்கத்தில் இறங்கும் ஐந்து பேர்தான் கடைசி விசில் வரை ஆட வேண்டும். "சார், முடியல, கொஞ்சம் உக்காரட்டுமா?" என்று எவளாவது கேட்டால், "உக்காருடி, தாராளமா உக்காரு" என்பார். அவள் அன்றைக்கு உட்காருவாள், அடுத்த மேட்சிலும் உட்காருவாள், அதற்கடுத்ததிலும் உட்காருவாள். எனக்கு முன்னால் கூடைக்கடியில் செண்டர் ஆடிய அக்கா ஒருத்தி அப்படிக் கேட்டுவிட்டு, அந்த வருஷம் முழுக்க எங்கள் தண்ணீர் பாட்டில்களைக் காவல் காத்தாள். அவளுடைய இடம்தான் எனக்குக் கிடைத்தது.

ஆகவே நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். எதிராளியை அடித்தால் ரெஃபரி ஃபவுல் கொடுப்பார். அடி வாங்கியவள் கோட்டில் நின்று கூடைக்கு எறிவாள். அவள் பந்தைத் தட்டி, குறி பார்த்து, எறிந்து முடிக்கிற வரைக்கும் மற்றவர்கள் ஓட வேண்டாம். முழங்காலில் கை ஊன்றிக்கொண்டு மூச்சு விடலாம். அவ்வளவுதான் சங்கதி. ஒருத்திக்கு நெஞ்சு அடைக்கிறது என்று தெரிந்தால் இன்னொருத்தி எவள் விலாவிலாவது முழங்கையை இறக்கிவிடுவாள். யாருக்கு யார் அடிப்பது என்று எங்களுக்குள் முறைகூட இருந்தது. ஒருத்திக்கு ஐந்து ஃபவுல் ஆனால் மேட்சிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள் என்பதால் பங்கு போட்டுக்கொண்டோம். வேறெந்த டீமிலாவது இப்படி ஒரு கூத்து நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

என்னுடைய களைப்போ ஆட்டத்துக்கு முன்பே தொடங்கிவிடும். அம்மா முனிசிபாலிட்டியில் துப்புரவு வேலை பார்த்தாள். அப்பா செத்த பிறகு அவருடைய வேலை அவளுக்கு வந்தது. இடுப்பு போய்விட்டதால் மார்க்கெட் ரோட்டை முழுக்கக் குனிந்து பெருக்க அவளால் முடியவில்லை. விடிவதற்கு முன் அவள் பெயரில் நான் போய்ப் பெருக்குவேன். எங்கள் குவார்ட்டர்ஸில் பல வீடுகளில் இது வழக்கம்தான். ஓவர்சியர் பார்த்தும் பார்க்காதது போல இருப்பார், ரோடு சுத்தமானால் சரி. அழுகின வெங்காயமும் முட்டைக்கோஸ் தழையும் மழையில் ஊறி ரோட்டோடு ஒட்டிக் கிடக்கும். சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதன்பின் குளித்து, ஒரு சாயா குடித்து, பயிற்சிக்கு ஓடுவேன். சாரிடம் இதைச் சொன்னதே இல்லை. சொன்னால் உட்கார வைத்துவிடுவார். உட்கார்ந்தால் போச்சு.

ஏனென்றால் அந்த வருஷ ஃபைனலைப் பார்க்க, ஒரு அரசுத் துறையின் டீமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் இரண்டு பேர் வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் வேலை, நாற்காலி, மேஜை, ஃபேன். பிடிக்காவிட்டால் அம்மாவுக்குப் பிறகு அந்தத் துடைப்பம் எனக்கு. சும்மா சொல்லவில்லை, ஓவர்சியர் ஒரு நாள் என் தோளைப் பார்த்துவிட்டு, "நல்ல உடம்பு, உங்கம்மா போஸ்டு உனக்குத்தான்" என்று வாழ்த்தினார். அன்றைக்கு நான் சோறு சாப்பிடவில்லை.

ஃபைனல் எர்ணாகுளத்தில் தேவரா பக்கத்தில், மத்தியான வெயிலில். அன்று காலையும் பெருக்கிவிட்டுத்தான் போனேன். முந்தின நாள் நல்ல மழை, குப்பை இரண்டு மடங்கு. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்திருந்தது. கோர்ட்டில் இறங்கும்போதே காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தேன்.

எதிர் டீம் செண்டர் என்னைவிட உயரம், என்னைவிடக் கனம். முதல் பந்துக்கே என் கால் விரலை மிதித்தாள். நான் அவள் விலாவில் இடித்தேன். அவள் நகத்தால் என் கழுத்தைக் கீறினாள். தமிழ்க்காரிகளை அங்கே இளக்காரமாகச் சொல்வதுபோல "பாண்டிச்சி" என்று ரெஃபரிக்குக் கேட்காமல் திட்டினாள். திட்டுக்காக நான் அவளை அடிக்கவில்லை, மூச்சு வாங்கத்தான் அடித்தேன். ஒருதரம் தோளில், ஒருதரம் இடுப்பில், ஒருதரம் கழுத்தோடு சேர்த்து ஒரு வெட்டு. மற்றவர்களும் தங்கள் பங்கு அடியை முன்பே தீர்த்திருந்தார்கள், முறையெல்லாம் காற்றில் போய்விட்டது. இரண்டாம் பாதி பாதிகூட ஆகவில்லை, எனக்கு நாலு ஃபவுல். இன்னும் ஒன்று என்றால் வெளியே. முன்வரிசையில் அந்த இரண்டு பேரும் குடை பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி அடிக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. என்ன செய்வேன்?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஆட்டக்காரிக்கு ரத்தம் வந்தால் ரெஃபரி அவளை வெளியே அனுப்பியே ஆக வேண்டும். ரத்தம் நின்றதும் திரும்பி வரலாம். அதில் சாருடைய சட்டம் செல்லாது.

என் தோழி, பந்தை முன்னால் கொண்டுவரும் கார்டு இடத்தில் ஆடினாள். அவளும் தமிழ்ப் பெண். அவள் அப்பாவுக்கு இடக்கொச்சியில் மீன் ஐஸ் பிளாண்டில் வேலை. பந்து வெளியே போன சமயத்தில் அவள் காதருகே போனேன்.

"எடி, என்னை அடி."

"என்னது?"

"வாயில அடி. ரத்தம் வரணும். இல்லேன்னா நான் இங்கேயே விழுந்துருவேன்."

"பைத்தியமாடி உனக்கு? பல்லு போயிரும்!"

"போனாப் போகட்டும். அடிக்கலேன்னா இனி உன்கூடப் பேச மாட்டேன், பார்த்துக்கோ."

அடுத்த பந்து கூடை வளையத்தில் பட்டுத் தெறித்தது. இருவரும் சேர்ந்து எம்பினோம். அவளுடைய முழங்கை என் மேலுதட்டில் இறங்கியது. ஐயோ, என்ன அடி அது! ஒல்லிப் பெண்ணுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. மல்லாக்க சிமெண்டுத் தரையில் விழுந்தேன். வாய் நிறைய ரத்தம், ஜெர்சியெல்லாம் ரத்தம். எதிர் டீம் பிள்ளைகள் கைதட்டிக் கூவினார்கள்: "சொந்த ஆளையே அடிக்கிறாளுங்கடோ!" தோழி என் மேல் குனிந்து அழுதாள். அழுதுகொண்டே, "போதுமா?" என்றாள்.

எனக்குப் பதில் ஒருத்தி இறங்க, நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அக்காவின் இடம் கிடைத்த பிறகு, மேட்ச் நடக்கும்போது நான் அதில் உட்கார்ந்ததே இல்லை. பாட்டில் காவல் அக்காதான் தோழி கொண்டுவந்திருந்த ஐஸைச் சாக்குத் துண்டில் சுற்றி என் வாயில் வைத்தாள். இறால் நாற்றம் அடித்தது. அந்த நாற்றத்தோடு அப்படியே தூங்கிப்போனேன். ஃபைனல் நடக்கிறது, ஊரே கத்துகிறது, நான் உதட்டில் ஐஸோடு குறட்டை விட்டேனாம்.

யாரோ கையைப் பிடித்து இழுத்ததில் கொப்புளம் கிழிந்து அலறிக்கொண்டு விழித்தேன். சார். "ரத்தம் நின்னாச்சு, எழும்புடி!" என்று இழுத்தவர் என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டார்.

"எந்தாடி இது?"

நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். பாட்டில் காவல் அக்கா பட்டென்று சொல்லிவிட்டாள்: "காலையில மார்க்கெட் ரோடு பூரா பெருக்கிட்டுத்தான் சார் வந்தா. அவங்கம்மாவுக்கு இடுப்பு முடியல. தினமும் இவதான் போறா."

"தினமுமா?"

சார் கையை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அறை பெஞ்சுப் பலகையில் விழுந்தது, பாட்டில்கள் உருண்டன.

"ஒரு வாக்கு, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி, கழுதே!"

"சொன்னா உக்கார வெச்சிருப்பீங்க சார்."

அவர் என் கையை மெதுவாக என் மடியிலேயே திருப்பி வைத்தார். "உக்காரு. நான் கூப்பிடறப்ப வந்தா மதி, போதும்" என்றார். பிறகு அவர் செய்ததை எங்கள் டீமில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. தோழியை வெளியே கூப்பிட்டு அக்காவை இறக்கினார். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தியைக் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியாக வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாதவள் போல நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

கடைசிச் சில நிமிஷங்களுக்கு என்னை இறக்கினார். கால் என்னுடைய காலாக இருந்தது! எதிர் டீம் செண்டர் முழங்காலில் கை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். பாவம், அவளுடைய கோச்சும் அவளை ஒரு நிமிஷம்கூட உட்கார விடவில்லை. நான் அவளைத் தொடாமலே தாண்டித் தாண்டிப் போனேன். பொறுக்க முடியாமல் அவள் என் ஜெர்சியைக் கிழித்து, உடைந்த உதட்டிலேயே குத்தினாள். அவளுக்கும் மூச்சு வேண்டியிருந்தது, எனக்குத் தெரியாதா? ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றோம். குடை பிடித்திருந்த ஒருவர் என்னிடம் வந்து, "கடைசியில் நல்லா ஓடினே" என்றார். வேலை கிடைத்தது.

எர்ணாகுளத்தில் ஆபீஸ். தினமும் காயலைத் தாண்டிப் படகில் போய் வந்தேன். ஆபீசும் பயிற்சியும் சேர்ந்துகொண்டதால் ரோட்டுக்குப் போக எனக்கு நேரமில்லை. அம்மா மறுபடி தானே போகத் தொடங்கினாள். வேண்டாம் என்றேன், கெஞ்சினேன், திட்டினேன். கேட்டால்தானே. ஒரு நாள் விடியும் நேரம் அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு நகர்வதைப் பார்த்து எனக்கு வெறி வந்துவிட்டது.

"இன்னைக்கு ஒரு நாளாவது உக்காரேன்மா!"

"ஒரு நாள் உக்காந்தாப் போச்சுடி. வேற ஆளப் போட்டுருவாங்க."

துடைப்பத்தைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறிக்கப் பார்த்தேன். மூங்கில் முறியவில்லை. அவள் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. இருவரும் மாறி மாறி இழுத்து, மாறி மாறிக் கெட்ட வார்த்தை சொன்னதில் அடுத்த வீட்டு விளக்கு எரிந்தது. திடீரென்று அவள் வெடுக்கென்று திருப்ப, கழியின் முனை என் வாயில் வந்து இடித்தது. பழைய தழும்பு பிளந்துகொண்டது.

"அய்யோ, எம் மோளே!"

என்னைத் தரையில் தள்ளி உட்கார வைத்தாள். சுவரில் சாய்ந்து தானும் உட்கார்ந்து, என் தலையை மடியில் போட்டு, முந்தானையால் உதட்டை அழுத்திக்கொண்டாள். வெளியே குப்பை வண்டி போகிற சத்தம் கேட்டது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "மோளுக்கு ரத்தம் நிக்கல, நான் வரல" என்றாள். வெயில் ஏறியது. என் வாயில் இருந்த அவள் கை மெல்லத் தளர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன், வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

ரத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. நான் சொல்லவில்லை.