ஒன்பது தையல்

செராஃபினாவுக்குக் கடவுள் மேல் கோபம். இரண்டு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத கோபம். கலாப்ரியா மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. காரணம்தான் ஊர் நடுவில் கோயில் மணிக்கூண்டாக நின்றுகொண்டிருந்ததே.

அந்த மணிக்கூண்டில் காரை பெயர்ந்தபோது பூசுவதற்கு ஏறியவன் அவளுடைய ஒரே மகன் நிக்கோதெமோ. முப்பத்தொரு வயதுக் கொத்தனார். சாரத்துப் பலகை விலகி, கோயில் படிக்கட்டிலேயே விழுந்து செத்தான். அடக்கத்தன்று பங்குச்சாமியார் டொன் கிரெகோரியோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவர் தம் தோட்டத்துக்கு நல்ல பூவாகப் பார்த்துத்தான் பறிக்கிறார் என்றார். துக்க வீட்டில் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவர்களுக்கென்றே யாரோ செய்து வைத்த வார்த்தை அது. செராஃபினா கையை உருவிக்கொண்டாள்.

"பூப்பறிக்கிறவன் ஏணி வச்சுப் பறிப்பான், சாமி. ஏணியத் தள்ளிவிட்டுப் பறிக்க மாட்டான்."

அதற்கப்புறம் அவள் பூசைக்கு வந்தாள், கடைசி வரிசையில் தூண் மாதிரி உட்கார்ந்தாள், போனாள். வராமல் இருந்திருந்தால்கூடப் பங்குச்சாமியாருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எல்லோரும் பரலோக மந்திரம் சொல்லும்போது அவளும் சொல்வாள். கடவுளின் விருப்பம் நடக்கட்டும் என்று வருகிற இடத்தில் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். அந்த இடத்தோடு அவளுடைய மந்திரம் நின்றுவிடும். மிச்சத்தை அவள் சொன்னதே இல்லை.

ஆனால் மாதாவை உடுத்துகிற வேலையை மட்டும் அவள் விடவில்லை. இருபத்திரண்டு வருடமாக அது அவள் வேலை. எங்கள் மாதா சுரூபத்துக்கு முகமும் கையும்தான் உண்டு. உடைக்கு உள்ளே வெறும் மரச்சட்டம். அதைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி கிடையாது, சாமியாருக்கும் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு செராஃபினா ஒருத்திதான் உள்ளே இருப்பாள். மரச்சட்டத்தைப் பார்த்துப் பார்த்து மாதாவிடம் அவளுக்குப் பயம் போய், பழக்கம் வந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலத்தான் பேசுவாள். மகன் செத்த பிறகு அந்தப் பேச்சும் நின்றுபோனது.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை மத்தியானம், நீல உடுப்பை மாட்டி, அதன் மேல் கறுப்புப் போர்வையைப் போட்டாள். ஈஸ்டர் காலையில் இந்தப் போர்வைதான் எல்லாம். சதுக்கத்தின் ஒரு முனையில் உயிர்த்த ஆண்டவர் நிற்பார். சதுக்கத்தில் வந்து சேரும் தெருவின் மறு கோடியில் மாதா, கறுப்போடு. ஆண்டவரின் சீடர் யோவானின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் அவளிடம் ஓடி, உன் மகன் உயிரோடிருக்கிறான் என்று சேதி சொல்வார்கள். மாதா அசைய மாட்டாள். மறுபடி ஓடிவந்து சொல்வார்கள். அப்போதும் அசைய மாட்டாள். மூன்றாம் தடவைதான் நம்பி, தூக்குகிறவர்கள் தோளில் ஓடிவருவாள். மகனைக் கண்ட நொடியில் பின்னாலிருக்கும் கயிற்றை ஒருவன் இழுக்க, கறுப்பு கழன்று விழ, நீலத்தில் நிற்பாள். போர்வை விழவில்லையென்றால் அந்த வருடம் ஊருக்கு ஆகாது. பூமி நடுங்கிய வருடமும் போர்வை விழாத வருடம்தான் என்று எங்கள் ஊர் கணக்குச் சொல்லும்.

கயிறு இழுக்கிறவன் கோசிமோ. நிக்கோதெமோவின் சிநேகிதன், அவன் சவப்பெட்டியைத் தூக்கியவன். கோசிமோவின் அப்பாவும் ஒரு காலத்தில் கயிறு இழுத்தவர்தான். ஒரு வருடம் போர்வை தோளில் மாட்டிக்கொண்டது. அந்த மனிதர் சாகும்வரை சதுக்கத்தில் கால் வைக்கவில்லை. இதெல்லாம் செராஃபினாவுக்குத் தெரியாமலில்லை.

கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு அவள் மாதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூணே நாள்," என்றாள். "மூணே நாள்ல உனக்குக் கறுப்பக் கழட்டணும். நான் ரெண்டு வருசமாப் போட்டிருக்கேன். எனக்கு யார் வந்து கயிறு இழுக்கப் போறா?"

ஊசியில் இரட்டைக் கறுப்பு நூலைக் கோத்தாள். போர்வையை உள் உடுப்போடு சேர்த்து, கழுத்தோரமாக, ஒன்பது தையல் போட்டாள். பன்னிரண்டு வயதிலிருந்து தையல் வேலை செய்த கை. கயிறு அறுந்தாலும் அது பிரியாது. வெளியே வந்து கதவைப் பூட்டியபோது, நெடுநாளைக்குப் பிறகு அவளுக்கு மனசு லேசானதுபோல இருந்தது.

மறுநாள் காலை சதுக்கத்தில் எள் போட இடமில்லை. செராஃபினா தெருக்கோடியில் மாதாவுக்குப் பக்கத்தில், வழக்கமான இடத்தில் நின்றாள். கோசிமோ வெள்ளைச் சட்டையில் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, உதடு காய்ந்து போய் நின்றான். அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

யோவான் ஓடிவந்தார். நின்றார். மாதா அசையவில்லை. ஜனம் ஓவென்று சத்தம் போட்டது. யோவான் திரும்பிப் போனார்.

மறுபடி வந்தார். தூக்குகிறவர்களுக்கு வேர்த்து ஊற்றியது. மாதா அசையவில்லை. கூட்டத்தில் ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவம், எப்படி நம்புவாள், பெத்தவளாச்சே என்றாள்.

வருடா வருடம் யாராவது சொல்கிற வார்த்தைதான். இந்தத் தடவை அது செராஃபினாவைச் சுருக்கென்று குத்தியது. ஆமாம், இந்த மாதாவும் நம்பவில்லை. சேதி கொண்டுவந்தவன் மகனின் கூடவே இருந்தவன், அப்படியும் நம்பவில்லை. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இதற்காக யாரும் அவளைத் திட்டவில்லை. விருப்பம் நடக்கட்டும் என்று சொல்லு பார்ப்போம் என்று யாரும் வற்புறுத்தவில்லை. ஊரே வெயிலில் நின்று அவளுக்காகக் காத்திருக்கிறது. இவளைப் போய்ச் சுகமாக இருக்கிறவள் என்று நினைத்துவிட்டேனே என்று செராஃபினாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. பிள்ளையை வாரிக்கொடுத்த ஒருத்தி கண் முன்னால் நிற்கிறாள். அவளை அந்தக் கறுப்புக்குள் வைத்துத் தைத்தது கடவுளில்லை. தைத்தவள் நான்.

சதுக்கத்துப் பக்கமிருந்து யோவான் மூன்றாம் தடவைக்குத் திரும்பிவிட்டார்.

"சப்பரத்தை இறக்குங்க," என்றாள்.

தூக்குகிறவர்கள் விழித்தார்கள். அவள் இடுப்பு நாடாவில் தொங்கிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு முன்னால் வந்ததும் இறக்கினார்கள். பலகை மேல் ஏறி, மாதாவின் கழுத்தோரம் துணியை விலக்கினாள். கோசிமோ எட்டிப் பார்த்தான். தையலைப் பார்த்தான்.

"அத்தை, யாரு இதப் பண்ணது?"

"நான்தான். கயித்த விட்றாத."

ஒன்று, இரண்டு, மூன்று. நூல் நறுக்கு நறுக்கென்று அறுந்தது. கல் பாவிய தெருவில் ஓடிவருகிறவர்களின் காலடி கேட்டது. ஏழு, எட்டு. ஒன்பதாவது மடிப்புக்கு உள்ளே இருந்தது, கத்தரி நுழையவில்லை. அவள் மாதாவின் தோளில் முகத்தைப் புதைத்துப் பல்லால் கடித்து அறுத்தாள். குதித்து இறங்கவும் யோவான் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

மாதா ஓடினாள். கோசிமோ பின்னால் ஓடினான். சதுக்கத்தின் நடுவில் கறுப்பு ஒரே இழுப்பில் கழன்று விழுந்தது. மணி அடித்தது, வெடி வெடித்தது, ஜனம் கட்டிப்பிடித்து அழுதது. செராஃபினா காலியான தெருக்கோடியில், வாயில் நூல் துணுக்கோடு நின்றாள்.

சாயங்காலம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய் மண்டியிட்டாள். சேதி அதற்குள் டொன் கிரெகோரியோவின் காதுக்குப் போயிருந்தது.

"தெச்சது பாவம், சாமி. கோசிமோவ நெனச்சுப் பாக்காதது அதவிடப் பெரிய பாவம். அவன்கிட்டப் போயிச் சொல்லிட்டேன். வாய்க்கு வந்தபடி திட்டினான், வாங்கிக்கிட்டேன். ஆனா கோவப்பட்டத மட்டும் பாவம்னு சொல்ல மாட்டேன்."

வலைக்கு அந்தப் பக்கம் சாமியாரும் எதையாவது யோசித்திருக்க வேண்டும். பூவைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

"நான் சொல்லச் சொல்லலியே," என்றார். "பரிகாரமா ஒரே ஒரு பரலோக மந்திரம் சொல்லும்மா. முழுசா."

அவள் பீடத்துக்கு முன்னால் வந்தாள். நீல உடுப்பில் மாதா நின்றாள். செராஃபினா தொடங்கினாள், அந்த இடத்துக்கு வந்தாள், நின்றாள். மறுபடி தொடங்கினாள், மறுபடி நின்றாள். ஜனம் கலைந்து போனது. கோயிற்பிள்ளை சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்து, கதவைச் சாத்த வேண்டும் என்றார்.

"செத்த இரு," என்றாள் திரும்பாமலே. "ரெண்டு தடவ ஆச்சு. இன்னொரு தடவ இருக்கு."

மூன்றாம் தடவை தொடங்கினாள். அந்த இடம் வந்ததும் பீடத்தை நேருக்கு நேர் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, பாத்திரத்தை ணங்கென்று வைப்பதுபோல அந்த வார்த்தையைச் சொன்னாள். பிறகு, இரண்டு வருடமாகச் சொல்லாமல் விட்டிருந்த மிச்சத்தையும் கடைசிவரை சொன்னாள்.