உக்கிரபாண்டியின் லேசான வண்டி

மதுரைப் புதூரில் லாரிப் பட்டறை வைத்திருந்த உக்கிரபாண்டிக்குக் கனம் என்றாலே ஆகாது. மனுசர்கள் எம்புட்டுக் குண்டாக இருந்தாலும் அவனுக்குக் கவலையில்லை. அவனுடைய பியட் கார் மட்டும் ஒரு கிலோ கூடிவிடக் கூடாது. வருசம் ஒரு தடவை அந்தக் காரை மதராசுப் பக்கம் சோழவரத்துக்கு ஓட்டிப் போய், பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் ரேசில் ஓடிவிட்டு, அதிலேயே திரும்பி வருவான். மறுநாள் அதே வண்டியில் அம்மா செல்லத்தாயை உட்கார வைத்துக் கல்யாண வீட்டுக்குப் போவான். ரேசுக்கு ஒன்று, ரோட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ள அவன் என்ன ஜமீனா?

எழுபத்தெட்டாம் வருச ரேசுக்கு முன்னால் கழற்ற வேண்டியதையெல்லாம் கழற்றியாகிவிட்டது. ஸ்டெப்னி போச்சு, ஜாக்கி போச்சு, முன்னால் மாட்டிச் சுற்றி வண்டியைக் கிளப்புகிற இரும்பு ஹேண்டிலும் வீட்டுப் பரணுக்குப் போச்சு. மிச்சம் இருந்தது பேட்டரிதான். சிம்மக்கல்லில் பேட்டரிக் கடை வைத்திருந்த இன்னாசிமுத்துவிடம் போய் நின்றான்.

"ரெண்டு வழி இருக்குண்ணே. இந்தப் பேட்டரி உங்க பழசுல பாதிக் கனம். ரேசுக்கும் ஆகும், ரோட்டுக்கும் ஆகும். இல்லாட்டி மோட்டார் சைக்கிள் பேட்டரி ரெண்டைச் சேத்துக் கட்டித் தாரேன். கனமே தெரியாது. ஆனா ரேசு முடிஞ்சதும் கழட்டிப்புடணும். சேந்தாப்புல நாலு ஸ்டார்ட்டுக்கு மேல தாங்காது."

உக்கிரபாண்டி இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தான். பழம் வாங்குகிறவன் கூட அப்படித் தூக்கிப் பார்க்க மாட்டான்.

"பாதி என்ன தம்பி பாதி? கொறைக்கிறதுன்னா முழுசாக் கொறைக்கணும்" என்று சின்னது ரெண்டையும் கட்டச் சொல்லிவிட்டான்.

ரேசில் மூன்றாவதாக வந்தான். அதோடு தலைகால் தெரியாமல் போய்விட்டது. ஓட்டியது தன் கை என்பதை மறந்து, எல்லாம் அந்தப் பேட்டரியின் ராசி என்று நம்பினான். ஊர் திரும்பியும் கழற்றவில்லை. காலையில் ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது, அப்புறம் எதற்குக் கழற்ற? பட்டறைக்கு வந்தவனையெல்லாம் கூப்பிட்டுப் பானெட்டைத் திறந்து காட்டினான். பார்த்தவர்களும் ஆகா ஓகோ என்றார்கள். ஒரு பயல் கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தச் சித்திரையில் அவனுடைய ஒரே தங்கச்சி முத்துத்தாய் தலைப்பிரசவத்துக்கு வாடிப்பட்டியிலிருந்து அப்பன்திருப்பதியில் இருந்த தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பா இல்லாத வீட்டில் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. மருமகனோ மருமகளோ, யாராக இருந்தாலும் ஆகும் என்று வெள்ளி அரைஞாண் கூட வாங்கி வைத்துவிட்டான்.

திருவிழாவுக்காக அழகர்சாமி மலையிலிருந்து இறங்கிப் பல்லக்கில் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்த அன்று காலை அவளுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பிள்ளை குறுக்க கெடக்கு, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றாள். அம்மாவையும் தங்கச்சியையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு உக்கிரபாண்டி கிளம்பினான்.

ரோடு முழுக்க ஜனம். மாட்டு வண்டிகள், மொட்டைத் தலைகள், சாமிக்குத் தீப்பந்தத் திரி எடுத்து ஆடுகிறவர்கள். விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நகர்ந்தான். ஊர்ந்து போகிற வண்டியில் பேட்டரி சார்ஜ் ஏறாது என்பது அவனுக்குத் தெரியாததா? அந்த நேரத்தில் அது அவன் நினைப்பிலேயே இல்லை. ஜனம் நல்ல ஜனம். "பிள்ளைத்தாச்சி வாரா, வழி விடுங்கப்பா" என்று அவர்களே கத்தி விலகினார்கள். மூன்றுமாவடி தாண்டும்போது சாமி தங்கிப் போகும் ஒரு மண்டகப்படியிலிருந்து அழகர் பல்லக்கு வெளியே வந்தது.

சாமி கடக்கும்போது எஞ்சினை அமத்திவிட்டுக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வண்டிக்காரர்கள் வழக்கம். உக்கிரபாண்டியின் கை தன்னால் சாவிக்குப் போனது. செருப்பைக் கழற்றினான். "தாயி, சாமி ஒனக்காகத்தான் எதுக்க வந்திருக்கு. கும்பிட்டுக்க" என்றான். முத்துத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள்.

பல்லக்கு நகர்ந்தது. சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒரு முக்கு முக்கி நின்றது. மறுபடி திருப்பினான். டொக் என்ற சத்தம் மட்டும் வந்தது. சுற்றிக் கிளப்ப ஹேண்டில் இல்லை. தள்ள நூறு கை வந்தது. தள்ளி வேகம் பிடிக்கப் பத்தடி இடம் இல்லை. சாமிக்குப் பின்னால் வந்த கூட்டம் ரோட்டை அடைத்துவிட்டது. அவன் சாவியைத் திருப்பித் திருப்பி, கடைசியில் ஸ்டீயரிங்கில் முட்டிக்கொண்டு அழுதான். பின்னால் அவள் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். முன்பின் தெரியாத ஆட்கள் அவளைக் கையில் ஏந்தி, தலைகளுக்கு மேலே தூக்கிக்கொண்டு போய், புதூரில் நின்ற போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள்.

தாய் பிழைத்தாள். ஆண் பிள்ளை. பிறந்து அழவே இல்லை.

"கூட்டம் வழி விடலை, நம்ம விதி" என்று செல்லத்தாய் வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பாவம், அவள் அப்படித்தான் நம்பினாள். ஆனால் அந்த டொக் சத்தத்தை முத்துத்தாய் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்? உக்கிரபாண்டி அதற்குப் பிறகு சோழவரம் போகவில்லை. வண்டியில் பழைய பெரிய பேட்டரியை மாட்டினான். பரணில் கிடந்ததையெல்லாம் இறக்கி வைத்தான். வண்டி முன்போலக் கனத்தது. அவனுக்குத்தான் எதுவும் முன்போல இல்லை.

மூன்று வருசம் கழித்து முத்துத்தாய் மறுபடி உண்டானாள். ஏழாம் மாசம் அவளைக் கூட்டி வர வாடிப்பட்டிக்கு வண்டியைக் கழுவித் துடைத்து எடுத்துப் போனான். அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். அவன் பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அவள் கிட்டே வரவில்லை.

"நீ முன்னால போண்ணே. நாங்க பஸ்ல வாரோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் காலில் விழுந்திருப்பான். அவளோ அவன் மனசு நோகக் கூடாதே என்று அத்தனை பதமாகச் சொன்னாள். அவன் கதவைச் சாத்தினான். முன்னால் போக மனசு வரவில்லை. பஸ் வந்து, அவளும் அவள் புருசனும் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காரும்வரை காத்திருந்தான். பிறகு வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு மதுரை வரைக்கும் அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே போனான்.