வாலின் சொந்தக்காரி

மயிலிட்டியில் மக்டலீனைத் தெரியாதவர்கள் இல்லை. அவள் குரலைக் கேட்டவர்கள்தான் குறைவு. கருவாடு காயவைத்து விற்பவள். விலை கேட்டால் விரலைக் காட்டுவாள். குறைத்துக் கேட்டால் தலையை ஆட்டுவாள். அவ்வளவில் வியாபாரம் முடிந்துவிடும். அப்படிப்பட்டவள் ஒரு பந்தயக் குதிரைக்குப் பங்குக்காரி ஆனதற்கு ஜெரிசன்தான் காரணம்.

ஜெரிசன் நுவரெலியாவில் பந்தயக் குதிரை லாயமொன்றில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன். பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றவர்களுக்குக் கைப்பேசியில் ஒரு குட்டியைக் காட்டினான்.

"தாயும் தேப்பனும் கோப்பை எடுத்ததுகள். கலப்பில்லாத பந்தயச் சாதி, தறோபிறெட். ஒருத்தராலை வாங்க ஏலாது. எல்லாரும் சேந்து வளர்த்தால், பந்தயத்திலை எங்கடை ஊர்தான் முன்னுக்கு நிக்கும்."

சேர்ந்து வாங்குவது அந்த ஊருக்குப் புதிதல்ல. அங்கே பெரிய வலை அப்படித்தான் கடலுக்குப் போகும். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் துண்டைக் கொண்டுவந்து மற்றத் துண்டுகளோடு சேர்த்துக் கட்டுவார்கள். கிழிந்தால் அவரவர் துண்டை அவரவரே பொத்த வேண்டும். அடுத்தவன் துண்டில் கைவைத்தால் அடிபிடிதான்.

ஆகவே குட்டி லொறியில் வந்திறங்கிய அன்றே, ஊர் மீனவருக்குத் தலைவரான சம்மாட்டி அடைக்கலநாதன் அதை ஒருதரம் சுற்றிவந்து, வலையைப் பிரிப்பதுபோலவே பிரித்துக் கொடுத்தார். தலை அவருக்கு. காதுகள் வசந்தினிக்கு. இடது முன்னங்கால் லெனாட்டுக்கு, வலது அவன் மைத்துனன் ஜெறோமுக்கு. வயிறு ஜெரிசனுக்கு. மற்றப் பாகங்களும் ஒவ்வொரு வீட்டுக்குப் போக, கடைசியாக வந்த மக்டலீனுக்கு வால் மிஞ்சியது.

"உப்பிடிப் பிரிக்கிறேல்லை அண்ணை. முழுக் குதிரையிலையும் எல்லாருக்கும் பங்கு," என்றான் ஜெரிசன்.

"அப்ப கிழிஞ்சால் ஆர் பொத்துறது?" என்று கேட்டார் சம்மாட்டி.

பெயர் வைக்கும் உரிமை வசந்தினிக்குப் போனது. கூப்பிட்டால் கேட்பது தன் காது அல்லவா என்று சொல்லி, பிரின்ஸ் என்று வைத்தாள். லெனாட் தன் காலுக்குத் தேங்காயெண்ணெய் பூசினான். ஜெறோம் விடுவானா? தன் காலுக்கு நல்லெண்ணெய் பூசினான். வாலுக்குக் கீழே விழுவதெல்லாம் மக்டலீன் பாடு என்று தீர்ப்பானதால், குட்டியை அவளுடைய கருவாட்டுப் பந்தலுக்கு அருகிலேயே கட்டினார்கள்.

"என்ன மக்டலீனக்கா, வால் சுகமோ?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள். அவள் குனிந்து லத்தி அள்ளிக்கொண்டிருப்பாள்.

யாரும் இல்லாத நேரத்தில் தன் சீப்பால் அந்த வாலை வாரிக்கொண்டே அவள் கதைப்பாள். மழை வந்து கருவாட்டைக் கெடுத்தது, தங்கச்சி பிரான்சிலிருந்து போன் எடுக்காதது, எல்லாம் கதைப்பாள். பிரின்ஸ் காதைத் திருப்பிக் கேட்கும். அது வசந்தினியின் காதுதான், ஆனாலும் கேட்டது.

குட்டி வளர்ந்து ஓடும் பருவம் வந்தபோது, தங்கள் வளவுகளுக்கு நடுவே மதில் கட்டுகிற விஷயத்தில் லெனாட்டும் ஜெறோமும் முறிந்துகொண்டார்கள். லெனாட் தன் காலில் சிவப்புத் துணி கட்டினான். "இந்தக் கால் இனி ஜெறோமின்ரை காலோடை சேந்து ஓடாது!"

ஊரில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. ஒருவன் துண்டு தரமாட்டேன் என்றால் வலை கரையில்தானே கிடக்கும்? குதிரையும் நின்றது. மாதக்கணக்கில் தின்றுகொண்டு நின்றது. பொறுத்துப் பார்த்த சம்மாட்டி, சாவகச்சேரியில் கலியாண மண்டபம் வைத்திருக்கும் கதிரவேலுவை அழைத்துவந்தார். மாப்பிள்ளைமாரைக் குதிரையில் ஏற்றி ஊர்வலம் விட அவருக்கு ஒன்று தேவைப்பட்டது.

பந்தலடியில் பங்குக்காரர் எல்லோரும் கூடினார்கள். தலை சம்மதம், காது சம்மதம், லெனாட்டின் கால்கூடச் சம்மதம். சம்மாட்டி கயிற்றை அவிழ்க்கப் போனார். அந்தக் கயிறு போனால் தான் கதைக்கிற கதையும் அதோடு போய்விடும் என்று மக்டலீனுக்குப் பட்டது.

"என்ரை வாலை நான் தரமாட்டன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஆர் கதைச்சது?" என்றான் லெனாட்.

"மக்டலீனக்காவாம்!" என்றாள் வசந்தினி.

கதிரவேலு சிரித்தார். "தங்கச்சி, வாலை வைச்சு என்ன செய்யப் போறீர்?"

சம்மாட்டி சிரிக்கவில்லை. "அவ தராட்டில், வாலை அவிட்டு வைச்சிட்டு மிச்சத்தைத்தான் நீங்கள் கொண்டுபோகலாம்."

"வாலில்லாத குதிரையிலை மாப்பிள்ளை வந்தால், சனம் மாப்பிள்ளையையோ பாக்கும்?" என்று சொல்லிக் கதிரவேலு தான் வந்த வான் வண்டியில் ஏறிவிட்டார்.

ஜெறோமுக்குக் கோபம். "உந்த வாலாலை எங்களுக்கு என்ன பிரயோசனம்?"

"ஈ இலையான் கலைக்கிறது ஆர்ரை வால்?" மக்டலீன் விடவில்லை. "உன்ரை காலிலையும், லெனாட்டின்ரை காலிலையும், சம்மாட்டியாற்றை மூஞ்சியிலையும்... என்ரை வால் இவ்வளவு நாளும் ஆக்களைப் பாத்தோ கலைச்சது?"

சம்மாட்டி குதிரையைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தார். தன் தலைக்கு வால் எட்டாது என்று சொல்ல வாயெடுத்தவர், அதை விட்டுவிட்டார். "நியாயம்தான். வாலிட்டை வேலை வாங்கின கால், வாலின்ரை சொல்லைக் கேக்கவேணும். லெனாட், துணியை அவிழ்."

மறுநாள் பின்னேரம் கடற்கரையில் பிரின்ஸ் முதன்முறையாக ஓடியது. நேரே கடலுக்குள்தான் ஓடியது. அவரவர் பாகத்துக்குப் பக்கத்தில் அவரவர் ஓடினார்கள். எல்லோருக்கும் பின்னால், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மக்டலீன் ஓடினாள்.

"இஞ்சாலை திரும்படா! டேய், இஞ்சாலை!"

துறைமுகத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள், இது யாருடைய குரல் என்று நிமிர்ந்து பார்த்தார்கள்.