கூட்டி எழுதிய ஒரு வயது

பதினைந்து வயதுப் பையனின் பெயரைக் கொலைச் செய்தியில் போட்டவன் நான். அவனுக்குப் பதினைந்துதான் என்று தெரிந்தே போட்டேன். அந்த ஊரில் அவன் தாயைத் தவிர, அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்!

என்னை யாரென்று சொல்லிவிடுகிறேன். தாமிரபரணிக் கால்வாயில் நெல் விளையும் ஓர் ஊரில் நடுநிலைப் பள்ளி ஆசிரியன். பள்ளி விட்டால் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். கோயில் கொடை, பேருந்து விபத்து, குடிநீர் கேட்டு மறியல்... எதுவானாலும் எழுதிக் கவரில் போட்டு, திருநெல்வேலி ஜங்ஷன் போகும் பேருந்தில் நடத்துநரிடம் கொடுத்தனுப்புவேன். பத்து வருடத்தில் என் செய்தி ஒன்றுகூட முதல் பக்கத்துக்குப் போனதில்லை. அந்தக் குறை என்னை அரித்துக்கொண்டே இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நடந்ததற்கெல்லாம் காரணம் அதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கார் நெல் சாகுபடிப் பருவம். தண்ணீர் குறைவு, முறை வைத்துப் பாய்ச்சினார்கள். மடைக் காவலுக்கு நின்ற அந்தப் பையனை, முறை தவறி மடையைத் திறக்க வந்த ஒருவர் கன்னத்தில் அறைந்தார். பையன் கையில் மண்வெட்டி இருந்தது. ஒரே வீச்சு... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் இறந்துபோனார்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து செய்தி ஆசிரியரைக் கூப்பிட்டேன்.

“பயலுக்கு வயசு என்ன வே? பதினாறு முடிஞ்சிட்டா?”

அன்றைய சட்டம் அப்படி. பதினாறு நிறையாத பையன் என்றால் பெயரும் படமும் பத்திரிகையில் வரக் கூடாது.

“முடியலன்னா உள்பக்கத்துல மூணு வரி. முடிஞ்சிருந்தா பேரு, போட்டோ எல்லாம் அனுப்பும். முதல் பக்கத்துல வச்சிருதேன்.”

முதல் பக்கம்!

“முடிஞ்சிட்டு அண்ணாச்சி. பள்ளிக்கூடப் பதிவேடே என் கையில இருக்கு.”

பதிவேட்டின்படி அவனுக்குப் பதினாறு முடிந்து நான்கு மாதம். ஆனால் அந்தப் பதிவேட்டை எழுதியது யார்?

அவனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள் அவன் தாய். புருஷன் இல்லை. வயல் வேலைக்குப் போகப் பிள்ளையை விட்டுவைக்க இடமில்லை; பள்ளியில் மதியச் சோறும் கிடைக்கும். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொன்னேன். ஐந்து வயது ஆனதற்கு எங்கள் அளவு அதுதான். விரல் எட்டவில்லை. எட்டியதாக வைத்துக்கொண்டு, பிறந்த வருடத்தில் ஒன்றைக் குறைத்து எழுதினேன். இரக்கம்தான்... இரக்கம் மட்டுமா? பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் என் வேலைக்கே ஆபத்து என்ற பயமும் இருந்தது.

எட்டாம் வகுப்புக் குழுப்படத்தில் அவன் தலையைச் சுற்றி வட்டம் போட்டுக் கவரில் வைத்தேன். ஒட்டப்போகும் நேரத்தில் அவன் தாயே வந்து நின்றாள். காலில் சேறுகூடக் காயவில்லை.

“சார்வாள், பிள்ளை பேரைப் பேப்பர்ல போட்டுராதீய. நீங்கதான ஒரு வயசு கூட்டி எழுதுனீய... அவனுக்கு இன்னும் பதினாறு ஆகலயே!”

“அதெல்லாம் இப்பம் பேசாத. பதிவேட்டுல என்ன இருக்கோ அதுதான் வயசு. சட்டம் அப்படி.”

“மாத்த முடியாதா சார்வாள்?”

“முடியாது. பைய வீட்டுக்குப் போ.”

போய்விட்டாள்.

யோசிக்க நேரமில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. பேருந்து கால் மணி நேரம் தாமதமாக வந்தது. அந்தக் கால் மணி நேரமும் நான் எதைப் பற்றிக் கவலைப்பட்டேன் தெரியுமா? படம் அச்சில் தெளிவாக விழுமா என்று!

மறுநாள் முதல் பக்கம். அவன் பெயர், தகப்பன் பெயர், தெருவின் பெயர்... எல்லாம் இருந்தன. நான் பத்துப் பிரதிகள் வாங்கினேன்.

நீதிமன்றத்திலும் அதே பதிவேடுதான். தாய் சொல்லிப் பார்த்தாள், பதிவேட்டைத்தான் நம்பினார்கள். என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்டபோது, பதிவேட்டில் உள்ளது சரியே என்றேன். உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும். சிறுவர் இல்லத்துக்குப் போக வேண்டியவன் பெரியவர்களோடு சிறைக்குப் போனான்.

வெளியே வந்தவனுக்கு எங்கும் வேலை கிடைக்கவில்லை. பெயரைச் சொன்னதுமே, பேப்பரில் வந்த பயல்தானே என்றார்கள். ஒருநாள் பேருந்து ஏறிப் போனான். திரும்பவேயில்லை.

பிறகு ஒருமுறை அவன் தாயை ஆற்றுப் பாலத்தருகே பார்த்தேன். திட்டட்டும் என்று நின்றேன்...

“சட்டம் அப்படி இருந்தா நீங்க என்ன செய்வீய சார்வாள்? அன்னைக்கு அவனைப் பள்ளிக்கூடத்துல சேத்தீயளே, அதே பெருசு.”

எனக்கு ஆறுதல் சொன்னாள்! ஐயோ, அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். மகன் வருவானென்று காத்திருந்தே அவளும் செத்துப்போனாள்.

இதை எழுதும்போதும் அவன் பெயரை நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா? யாருக்கும் பயன்படாத நாகரிகம்...

அந்தப் பத்துப் பிரதிகளில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. குழுப்படத்தில் மற்றவர்களை வெட்டிவிட்டு அவனை மட்டும் போட்டிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டிருக்கிறான். பின்னால் நின்ற ஒருவரை முழுதாக வெட்ட முடியவில்லை. அவன் தோளில் ஒரு கை மட்டும் மிஞ்சியிருக்கிறது, மணிக்கட்டில் கடிகாரத்தோடு.

அந்தக் கடிகாரத்தை இன்றும் கட்டியிருக்கிறேன். அது யாருடைய கை என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.