நாகஜோதியின் கையும் கறுப்பு வளையமும்

கல்லல் நாகஜோதிக்கு வாய் பேசுறதுக்கு முன்னாடி கை பேசிவிடும். ஒன்பதாங்கிளாஸில் சடையை இழுத்தவனின் மூக்கை உடைத்தாள். பஸ்ஸில் உரசினவனை டிபன் பாக்ஸாலேயே போட்டாள், தலையில் ஆறு தையல். கட்டின புருஷன் நாராயண் கல்யாணமான மறுமாசம் ஒருதரம் கையை ஓங்கிவிட்டு, திருப்பி வாங்கின அறையில் மூணு நாள் காது கேட்காமல் திரிந்தான். அதோடு அடங்கிவிட்டான் என்றுதான் ஊரே நினைத்தது.

அப்பேர்ப்பட்ட கைக்குக் காரைக்குடி அன்வர் சாதிக் பட்டறையில் நுணுக்கமான வேலை. அலுமினியச் சாமானுக்குக் கறுப்பேற்றுகிற பட்டறை. சூரியனைக் கிட்டப்போய்ப் பார்க்கிற விண்கலத்துக்கு ஒரு தொலைநோக்கி. அதற்குள் பொருத்துகிற வளையம் அங்கே வந்திருந்தது. கண்டபக்கமிருந்து வருகிற வெளிச்சத்தை அந்தக் கறுப்புதான் விழுங்கணும். ஓரிடம் வெளுத்தாலும் கருவி குருடு. வந்ததே ரெண்டு வளையம். அதில் ஒன்று இவளால் பாழ்: கூட வேலைபார்த்த ராக்காயியை அடிக்கக் கையை ஓங்கினாள், வளையம் விழுந்து நெளிந்துபோனது. ஆனாலும் அவளைப்போல நடுங்காத கை அங்கே வேறு யாருக்கு இருக்கிறது?

"இதுவும் போச்சுன்னா பட்டறைய மூடவேண்டியதுதான் தாயி. ஒன்னையத்தான் நம்பியிருக்கேன்," என்று சொல்லிவிட்டு அன்வர் மதியத் தொழுகைக்குப் போனார்.

மற்றவர்களும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். வேலை நேரத்தில் போனெல்லாம் வெளியே பெட்டியில். நாராயண் பன்னிரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறான். "எவனோட இருக்கா?" என்று கறுவிக்கொண்டு வந்து கதவை உதைத்துத் திறந்தான். நாகஜோதி அப்போதுதான் சாயத் தொட்டியிலிருந்து வளையத்தைக் கொக்கியோடு தூக்கியிருந்தாள். சாயம் இறுகுவதற்கு வெந்நீர்த் தொட்டியில் இறக்கணும். நாலு எட்டுதான். அதுவரைக்கும் எதிலும் பட்டுவிடக்கூடாது.

பளாரென்று கன்னத்தில் விழுந்தது. அவள் கை எழும்பவில்லை. ஒரு எட்டு வைத்தாள். திருப்பி அடிக்காததைப் பார்த்ததும் அந்தப் பயலுக்கு எங்கேயிருந்துதான் வந்ததோ வீரம்! கொண்டையைப் பிடித்து ஆட்டினான். முதுகில் குத்தினான். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். வளையத்தில் சொட்டிவிடுமே என்று அதை விழுங்கினாள். பாவி மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. வலியில் இல்லை, ஆத்திரத்தில்.

நாலாவது எட்டு. வளையத்தை வெந்நீருக்குள் இறக்கிக் கொக்கியை மாட்டினாள். கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தாள். அப்போதுதான் நாராயணுக்கு விளங்கியது. ஓடப் பார்த்தான். எங்கே ஓட?

திரும்பி வந்த அன்வர் அவள் முகத்தைப் பார்த்துத் துடித்துப்போனார். "யா அல்லா! என்னம்மா இது?"

"பதறாதீகண்ணே, வளையத்துக்கு ஒண்ணுமில்ல. அரைமணி கழிச்சு நானே எடுத்துருவேன்," என்று ரத்தத்தைத் துப்பினாள். "இந்தா கெடக்கானே, இவனத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்."